விழித்தும் அழாத குழந்தை

ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போனாலும் சரி, குழந்தை மருத்துவரைப் பார்க்கப் போனாலும் சரி, "நல்லாச் சாப்பிடுறானா?" என்பதற்கு அடுத்ததாக வரும் கேள்வி, "ராத்திரி தூங்குறானா?" என்பதுதான். கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அதன் பொருள் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும். கொஞ்சம் துருவினால் கலங்கிவிடும். எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து பால் கேட்ட குழந்தை ஏழு மணி நேரம் ஒரே தூக்கமாகத் தூங்கியிருக்கிறது. பதினொன்றுக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்த குழந்தையும் அதே ஏழு மணி நேரந்தான் தூங்கியிருக்கிறது. முதல் குழந்தையின் அம்மா "எங்கே தூங்குறான்!" என்று அலுத்துக்கொள்வார், இரண்டாவது குழந்தையின் அம்மா "விடிய விடியத் தூங்குவான்" என்பார். குழந்தைகளின் தூக்கத்தில் வேறுபாடு இல்லை. பெரியவர்கள் எப்போது படுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. 'இரவு முழுக்கத் தூங்குவது' என்பதைப் பல் முளைப்பது, நடை பழகுவது போன்ற ஒரு வளர்ச்சிப் படியாகவே பேசிவருகிறோம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் வேறு. அந்தச் சொற்றொடர் குழந்தையின் உறக்கத்தை அளப்பதைவிட அதிகமாக, அதைச் சுற்றியிருக்கும் வீட்டின் உறக்கத்தையே அளந்துவந்திருக்கிறது.

குழந்தை எப்போது இரவு முழுக்கத் தூங்கத் தொடங்கும் என்பதற்குக் கடிகாரத்தை வைத்து விடை தேடிய ஆய்வுகளில் இன்றுவரை அதிகம் எடுத்தாளப்படுவது, 1957இல் லண்டனில் மூர், உக்கோ என்ற ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்டது. 160 குழந்தைகளைப் பற்றி அவர்களுடைய தாய்மாரிடம் கேட்டு எழுதியது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை குழந்தை யாரையும் எழுப்பாமல் இருந்தால் அது 'அடங்கிவிட்டது' என்று அவர்கள் கணக்கு வைத்தார்கள். மூன்று மாதத்தில் 70 விழுக்காட்டுக் குழந்தைகளும் ஆறு மாதத்தில் 83 விழுக்காட்டுக் குழந்தைகளும் அடங்கிவிட்டன. 10 விழுக்காடு முதல் ஆண்டு முழுவதும் அடங்கவே இல்லை. இந்த எண்கள் கைமாறிக் கைமாறி, 'மூன்று மாதம் ஆனால் குழந்தை இரவு முழுக்கத் தூங்க வேண்டும்' என்ற விதியாகப் பெற்றோரிடம் வந்து சேர்ந்தன. வழியில் இரண்டு செய்திகள் உதிர்ந்துபோயின. ஒன்று, அந்த ஆய்வின் 'இரவு' ஐந்து மணி நேரமே. ஐந்து மணிக்கு எழுந்து கத்தும் குழந்தையின் தாய் 'என் பிள்ளை இரவு முழுக்கத் தூங்கினான்' என்று சொல்லமாட்டார், ஆய்வேடு சொல்லும். இரண்டாவது, அடங்கிய குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதே ஆண்டின் பிற்பகுதியில் மறுபடி எழுந்துகொள்ளத் தொடங்கினார்கள். ஒருமுறை ஏறிவிட்டால் இறங்காத படி என்றால் இப்படி நடந்திருக்காது. நடை பழகிய பிள்ளைகளில் பாதி மறுபடி தவழப் போவதில்லை.

மூரும் உக்கோவும் தாயின் வாய்மொழியை நம்பினார்கள். தாயோ தான் தூங்கும் நேரத்தில் நடந்ததைச் சொல்ல முடியாதவர். இந்த ஓட்டையைக் கண்டவர் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் தாமஸ் ஆண்டர்ஸ். குழந்தைகளின் தொட்டிலருகே, மங்கிய வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் கேமராவை அவரவர் வீட்டிலேயே வைத்து இரவு முழுவதும் பதிவுசெய்தார். 1979இல் வெளியான முடிவு இது: பழைய அளவுகோலின்படி, அதாவது நள்ளிரவுக்கும் ஐந்து மணிக்கும் இடையில் தொட்டிலிலிருந்து யாரும் தூக்காமல் இருந்தாலே போதும் என்று கணக்கிட்டால், இரண்டு மாதக் குழந்தைகளில் 44 விழுக்காடும் ஒன்பது மாதக் குழந்தைகளில் 78 விழுக்காடும் தேர்ச்சி பெற்றன. அதே படச்சுருளை உற்றுப் பார்த்து, உண்மையிலேயே விழிக்காத குழந்தைகள் எத்தனை என்று எண்ணியபோது அது 15 ஆகவும் 33 ஆகவும் சரிந்தது. ஒன்பது மாதத்தில் 'முழு இரவு தூங்கியதாக'ப் பெயர் வாங்கிய குழந்தைகளில் பாதிக்கும் மேல் விழித்திருந்தவைதாம். விழித்து என்ன செய்தன? கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் இருட்டைப் பார்க்கும். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும். விரலை வாயில் வைக்கும், துணியின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும். சில நிமிடங்களில் கை தளரும், மூச்சு சீராகும். பக்கத்து அறையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. காலையில் அவர் "நேத்து அசந்து தூங்கினான்" என்பார், பொய் சொல்லாமலே. ஆண்டர்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் பிற்பாடு குழந்தைகளை இரண்டு வகையாகப் பிரித்தபோது, தூங்குபவர், விழிப்பவர் என்று பிரிக்கவில்லை. விழித்தால் குரல் கொடுப்பவர், விழித்தாலும் தானே அடங்குபவர் என்றே பிரித்தார்கள்.

இதில் வியப்பில்லை. தூக்கம் கிணற்றில் போட்ட கல்லைப்போல ஒரே மூச்சில் அடிக்குப் போய்க் கிடப்பதில்லை. ஆழத்துக்குப் போகும், மேலே வரும், மறுபடி போகும். பெரியவர்களுக்கு இந்தச் சுற்று ஒன்று முடிய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். சிறு குழந்தைகளுக்குச் சுற்று குறுகியது, ஒரு மணி நேரத்தை ஒட்டியது. பத்து மணி நேர இரவில் அத்தனை முறை விளிம்புக்கு வந்துபோகும் உடல் சில முறையாவது கண் திறப்பது இயல்பு. நாமும் திறக்கிறோம், புரண்டு படுத்துத் தலையணையைத் திருப்பிப் போட்டதைக் காலையில் மறந்துவிடுகிறோம்.

கடிகாரத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஹெண்டர்சனும் அவருடைய குழுவினரும் 75 குழந்தைகளை முதல் ஆண்டு முழுவதும் தொடர்ந்து, 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நள்ளிரவு முதல் ஐந்துவரை, தொடர்ந்து எட்டு மணி நேரம், இரவு பத்து முதல் காலை ஆறுவரை என்று மூன்று அளவுகோல்களை ஒரே குழந்தைகள்மீது வைத்துப் பார்த்தார்கள். முதல் அளவுகோலின்படி பாதிக் குழந்தைகள் இரண்டு மாதத்திலேயே தேறிவிட, குடும்பத்தோடு ஒத்துப்போகும் பத்து முதல் ஆறு என்ற அளவுகோலில் பாதியைத் தொட ஐந்து மாதம் ஆயிற்று. மூன்றையும் ஒரே பெயரில் அழைத்துக்கொண்டு, 'எங்கள் குழந்தை எப்போது தூங்கும்' என்று கேட்பது படியளவும் மரக்கால் அளவும் தெரியாமல் நெல் அளப்பதற்குச் சமம்.

இதோடு, ஆய்வாளர்கள் மின்டெல்லும் சாதேவும் மற்றவர்களும் 17 நாடுகள், பகுதிகளில் 29,287 பெற்றோரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட கணக்கெடுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரையுள்ள பிள்ளைகள். இந்தியாவும் அதில் உண்டு. நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக 7:27 மணிக்குப் படுக்கின்றன, ஹாங்காங் குழந்தைகள் 10:17க்கு. இவ்விரண்டு குழந்தைகளுக்கும் 'நள்ளிரவு முதல் ஐந்துவரை' என்ற அதே சல்லடையைப் பிடித்தால் என்ன ஆகும்? நியூசிலாந்துக் குழந்தைக்கு நள்ளிரவு என்பது தூங்கத் தொடங்கி நாலரை மணி நேரம் கழிந்த வேளை. ஹாங்காங் குழந்தைக்கு ஒன்றேமுக்கால் மணி நேரங்கூட ஆகியிருக்காது. ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் பங்கில்தான் குவிந்திருக்கும், பின்பாதி இலேசான உறக்கமும் கனவும் நிறைந்தது. ஆகவே, அந்த ஐந்து மணி நேரம் ஒரு குழந்தையின் இலேசான உறக்கத்தை எடைபோடுகிறது. இன்னொன்றின் ஆழ்ந்த உறக்கத்தில் ஒரு பகுதியையும் சேர்த்து எடைபோடுகிறது. இந்த ஊரில் குழந்தைகள் நன்றாகத் தூங்குகின்றன, அந்த ஊரில் தூங்குவதில்லை என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அந்தக் கணக்கெடுப்பிலேயே, 'என் குழந்தைக்குத் தூக்கத்தில் பிரச்சினை இருக்கிறது' என்ற பெற்றோர் தாய்லாந்தில் 11 விழுக்காடு, சீனாவில் 76 விழுக்காடு. குழந்தைகளின் உடல் இரு நாட்டுக்கும் இவ்வளவு மாறிவிடாது. எதைப் பிரச்சினை என்று பெயரிடுகிறோம் என்பது மாறும்.

இதுவரை பேசியது பெரும்பாலும் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைகளைப் பற்றி. தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைகளுக்கு வரும்போது வரையறை இன்னும் தடுமாறுகிறது, ஏனென்றால் இப்போது அளக்கப்படும் ஆளுக்குக் காலும் வாயும் முளைத்துவிட்டன. தொட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கும், இறங்கும், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வந்து அம்மாவின் படுக்கை விளிம்பில் நிற்கும், "தண்ணி" என்று கேட்கும். 1981இல் லண்டனில் ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்த நவோமி ரிச்மன், கடுமையான தூக்கக் குறைபாடு எது என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். வாரத்தில் ஐந்து இரவுகளோ அதற்கு மேலோ குழந்தை எழ வேண்டும். அத்துடன் இரவில் மூன்று முறையோ அதற்கு மேலோ எழுவது, இருபது நிமிடத்துக்கு மேல் விழித்திருப்பது, பெற்றோரின் படுக்கைக்குப் போவது ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டும் குழந்தையைப் பற்றியவை. மூன்றாவது வீட்டின் வரைபடத்தைப் பற்றியது. தனி அறை, தனிக் கட்டில், நடுவில் ஒரு நடைவழி இருந்தால்தான் பெற்றோரின் படுக்கைக்குப் 'போக' முடியும். கூடத்தில் விரித்த பாயில் அம்மா, பாட்டி, அக்கா என்று வரிசையாகப் படுத்திருக்கும் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை கண் விழித்தால் கையை நீட்டும், சேலை முந்தானை அகப்படும், தூங்கிவிடும். லண்டனில் நோய்க்குறியாக எழுதப்பட்ட செயல் இங்கே செயலாகவே பதிவாகாது. மேலே சொன்ன 17 நாட்டுக் கணக்கெடுப்பின்படி பெற்றோரோடு ஒரே படுக்கையில் படுக்கும் குழந்தைகள் நியூசிலாந்தில் 5.8 விழுக்காடு, வியட்நாமில் 83.2. ஒரே இலக்கணம் இரண்டு ஊரிலும் செல்லுபடியாகாது.

இரண்டாம் ஆண்டில் விழிப்பு நீடிப்பதற்கு உள்ளிருந்தே காரணங்களும் உண்டு. அம்மா கண்ணைவிட்டு மறைந்தால் பதறும் பருவம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பாற்பற்களில் முதல் கடைவாய்ப் பற்கள் ஒன்றேகால் வயதை ஒட்டி வெட்டும். பகலில் இருமுறை தூங்கியது ஒருமுறையாகச் சுருங்கும்போது இரவும் சில வாரம் தாளம் தப்பும். அமெரிக்காவில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை தொடர்ந்த தரவுகளை வைத்து மார்ஷா வெய்ன்ராப்பின் குழு 2012இல் சொன்னது இது: மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் ஆறு மாதத்திலேயே வாரத்துக்கு ஓர் இரவுபோலத்தான் தாயை எழுப்பின, மீதி மூன்றில் ஒரு பங்கு ஆறு மாதத்தில் வாரத்தின் ஏழு இரவும் எழுப்பி, 15 மாதத்தில் இரண்டு இரவாகவும், இரண்டு வயதில் ஓர் இரவாகவும் குறைந்தது. மூன்று குழந்தைகளில் ஒன்று வேறு வேகத்தில் போகிறது என்றால் அதைப் பிறழ்வு என்று சொல்வது கடினம். அந்த ஒன்றும் பெரும்பாலும் இரண்டு வயதில் மற்றவற்றோடு வந்து சேர்ந்துகொள்கிறது.

ஆண்டர்ஸின் கேமரா காட்டியதற்கு நேர் எதிரான ஒரு நிலையும் இந்த வயதில் தலைகாட்டத் தொடங்கும். படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிள்ளை வீறிட்டு எழுந்து உட்காரும். கண் திறந்திருக்கும், வியர்த்துக் கொட்டும், அம்மா அணைத்தால் தள்ளிவிடும். காத்து கருப்பு அடித்துவிட்டதென்று திருநீறு தேடி ஓடுவார்கள். உண்மையில் அந்தப் பிள்ளை விழிக்கவே இல்லை. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி மட்டும் கிளர்ந்திருக்கிறது. காலையில் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. அங்கே, தூங்குவதாக நினைத்த குழந்தை விழித்திருந்தது; இங்கே, விழித்ததாக நினைத்த குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது. இரவைப் பற்றிய பெரியவர்களின் சாட்சியம் இரண்டு பக்கமும் வழுக்குகிறது.

இப்படிச் சொல்லும்போது, 'நம் பாட்டிமார் வழியே சரி, பக்கத்தில் போட்டுக்கொண்டால் தொல்லை தீர்ந்தது' என்று முடிவுகட்டிவிடும் சபலம் ஏற்படும். தரவு அதற்கும் இடம் கொடுக்கவில்லை. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே, தாயோடு படுத்து வேண்டியபோதெல்லாம் பால் குடிக்கும் நான்கு மாதக் குழந்தைகள் ஒரே மூச்சில் தூங்கிய நேரம் ஏறத்தாழ நாலரை மணி என்று ஆய்வாளர்கள் சூப்பரும் ஹார்க்னெஸும் பதிவுசெய்தார்கள். அதே வயது அமெரிக்கக் குழந்தைகளுக்கு அது எட்டு மணியை நெருங்கியது. அதாவது, அருகில் படுப்பதால் விழிப்பு குறைவதில்லை, கூடவும் செய்யலாம். விழிப்பின் விலைதான் குறைகிறது. விலை குறைவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. மறுநாள் பகலில் அந்தத் தாய்க்குக் கொஞ்சம் கண்ணயர இடம் இருக்க வேண்டும், பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொரு கை இருக்க வேண்டும். எட்டரை மணிக்கு அலுவலகப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய, மூன்று பேர் மட்டுமே உள்ள அடுக்ககக் குடும்பத்திடம் போய்ப் பாயையும் முந்தானையையும் பரிந்துரைப்பது அரைகுறை அறிவுரை. ஒரு வயதுக்குட்பட்ட சிசுவை மெத்தென்ற படுக்கையில், புகைபிடித்தவரோ மது அருந்தியவரோ படுத்திருக்கும் இடத்தில் போடுவது உயிருக்கே ஆபத்து என்பதையும் பழைமைப் பெருமையில் மறைக்கக் கூடாது.

முதல் மறுப்பு இங்கே எழும். தூக்கம் துண்டுபட்டால் மூளை வளர்ச்சி கெடாதா? மான்ட்ரியலில் மேரி-எலன் பென்னெஸ்ட்ரியின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகவே விடை தேடியது. ஆறு மாதத்தில் 38 விழுக்காட்டுக் குழந்தைகள் தொடர்ந்து ஆறு மணி நேரங்கூடத் தூங்கவில்லை; ஒரு வயதில் இது 28 விழுக்காடு. எட்டு மணி நேரம் என்று வைத்தால் ஒரு வயதிலும் 43 விழுக்காடு தேறவில்லை. தேறிய குழந்தைகளுக்கும் தேறாதவற்றுக்கும் அறிவு வளர்ச்சியிலோ உடலியக்க வளர்ச்சியிலோ, தாயின் மனநிலையிலோ வேறுபாடு காணப்படவில்லை. தேறாத குழந்தைகளிடையே தாய்ப்பால் குடிப்பவை அதிகம், அவ்வளவுதான். இந்த முடிவைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். தாய் சொன்னதை வைத்தே தூக்கம் கணக்கிடப்பட்டது; தாயின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மேலே பார்த்தோம். தொடர்பு காணப்படவில்லை என்பதும் தொடர்பே இல்லை என்று நிறுவுவதும் வெவ்வேறு. ஆனாலும், 'ஒரு வயதாகியும் முழு இரவு தூங்காவிட்டால் மூளை மந்தமாகும்' என்று பயமுறுத்துகிறவர்கள் கையில் இதற்கு இணையான எதிர்ச்சான்று இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. குழந்தைக்குக் கேடில்லை, சரி. மாதக்கணக்கில் இரவில் நான்கு முறை எழுந்தவளுக்கு? மான்ட்ரியலில் சராசரித் தாயின் மனநிலை மாறவில்லை என்பது, விளிம்பில் நிற்கும் ஒரு தாய்க்கு ஆறுதலாகாது. மெல்போர்னில், ஏழு மாதத்தில் தூக்கப் பிரச்சினை இருப்பதாகப் பெற்றோர் சொன்ன 326 குழந்தைகளின் குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் குழந்தையைப் படிப்படியாகத் தானே தூங்கப் பழக்கும் முறைகளைச் செவிலியர் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தாய்மாரிடம் மனச்சோர்வு குறைந்தது. பிள்ளைக்கு இரண்டு வயதானபோதும் அந்தப் பலன் தெரிந்தது. ஆறு வயதில் பார்த்தபோது இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் இடையில் நன்மையிலும் வேறுபாடில்லை, தீமையிலும் வேறுபாடில்லை. இது என் வாதத்துக்கு எதிரானதென்று நான் நினைக்கவில்லை. பழக்கியது வளர்ந்த பிள்ளைக்கு எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தூக்கமில்லாமல் தவித்த தாய்க்குத்தான் உதவியது. அப்படியானால் அதைத் தாயின் சிகிச்சை என்றே வெளிப்படையாகச் சொல்லலாம். 'உன் பிள்ளை பின்தங்கியிருக்கிறான்' என்று தொடங்கும் பேச்சு அவள் தோளில் இன்னொரு சுமையை ஏற்றும். 'உனக்குத் தூக்கம் வேண்டும்' என்று தொடங்கும் பேச்சு, பழக்குவதோடு சேர்த்து அப்பா இரண்டு மணிக்கு மேல் எழுவது, பாட்டி வாரத்தில் இரண்டு நாள் வந்து படுப்பது என்று வேறு வழிகளையும் திறக்கும்.

மூன்றாவது, மருத்துவர்கள் எழுப்பக்கூடியது: எல்லாம் இயல்பு, இயல்பு என்று சொல்லிக்கொண்டே போனால் நோய் கண்ணில் படாமல் போய்விடாதா? போகும், 'முழு இரவு' என்ற ஒற்றைக் கேள்வியிலேயே நின்றால். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன பரிந்துரை, ஒன்று முதல் இரண்டு வயதுவரை பகல் தூக்கம் உட்பட ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 என்பது. ஒரே தொடர்ச்சியாக இத்தனை மணி நேரம் என்று அது வரையறுக்கவில்லை. அவி சாதே 2004இல் வடிவமைத்த சுருக்க வினாப்பட்டியல் இரவில் மூன்று முறைக்கு மேல் எழுவது, எழுந்து மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பது, நாள் முழுவதும் சேர்த்து ஒன்பது மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குவது ஆகியவற்றை எச்சரிக்கைக் கோடுகளாக வைத்தது. 'ஒருமுறைகூட எழக் கூடாது' என்பதற்கும் இதற்கும் வெகு தூரம். கோட்டைத் தாண்டாத பிள்ளையைப் பற்றியும் கேட்க வேண்டியவை உண்டு. வாயைத் திறந்து குறட்டை விடுகிறதா, நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி வருகிறதா? அது மூக்கின் பின்புறச் சதை, தொண்டைச் சதை வீங்கியதன் அடையாளமாகலாம். குறட்டைவிடும் குழந்தையை 'அசந்து தூங்குது' என்று ரசிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. விடிய விடியத் தூங்கி நற்பெயர் வாங்கும் அந்தப் பிள்ளைக்குத்தான் மருத்துவர் தேவைப்படலாம். இரவெல்லாம் காலை உதைத்துப் புரண்டு பாயைவிட்டு உருண்டுபோகும் பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. இரத்தசோகை எல்லாம் இரும்புக் குறைவால் வருவதில்லை. ஆனால் அதன் முக்கியக் காரணங்களில் இரும்புக் குறைவும் ஒன்று. அதைக் கண்டுபிடிக்க ஓர் இரத்தப் பரிசோதனை போதும். எத்தனை மணிக்கு எழுந்தான் என்ற கணக்கு அதைச் சொல்லாது.